பத்தொன்பது சென்டிமீட்டர்

முதலில் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும்.
விளையாட்டுக்குள் இருக்கிற சுவர்.
யாரோ சுட்டுவிட்டுப் போன ஓட்டையில்
நடுப்புள்ளியை வைத்து
மவுஸை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டே போக வேண்டும்,
உலகம் ஒரு முழுச் சுற்று சுற்றி
அதே ஓட்டை திரும்பக் கண்ணில் படும்வரை.
இழுத்த தூரத்தை அம்மாவின் தையல் டேப்பால் அள.
அதுதான் உன் சென்சிட்டிவிட்டி.

லோகுவுக்கு ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர்.
அவன் கை தோளிலிருந்து கிளம்பும்,
சுண்ணாம்பு அடிக்கிறவன் கை மாதிரி.
"கம்மியா வெய்டா, கம்மியா வெச்சாதான் எய்ம் ஆடாது"
என்பான்.
லோகு ஆடுவது தண்டையார்பேட்டை சென்டரில்,
மணிக்கு நாற்பது ரூபாய், ஏசி,
நாலடி மேசை.

எனக்கு ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
இரண்டு பெயின்ட் பக்கெட் மேல் ஒரு பலகை,
பலகைமேல் ஆட்டோ சீட் தைக்கிற கடையில்
கெஞ்சி வாங்கிய ரெக்சின் துண்டு.
இடப்பக்கம் பீரோ. பீரோவை ஒட்டிக் கீபோர்டு.
வலப்பக்கம் பாயில்
எபிநேசர் அண்ணனின் தலை.

ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து
ட்ரெய்லரோடு துறைமுக வரிசையில் நிற்க வேண்டியவன்
எட்டுக்கே படுத்துவிடுவான்.
என் கூட்டாளிகள் ஆன்லைனில் வருவதும் எட்டுக்கு.

லோகுவின் கணக்கை வைத்து ஒரே ஒரு தடவை திரும்பினேன்.
முழங்கை போய் அண்ணன் காதில் இடித்தது.
"பின்னாடி எவன் வந்தா உனுக்கு இன்னாடா,
திரும்பாம செத்துப்போயேன்"
என்றான், கண் திறக்காமல்.

இருந்த இடத்துக்குப் பதினேழுதான் வந்தது.
பதினேழில் எல்லாமே தாண்டிப் போகும்.
தலையைப் பார்த்தால் தோளுக்கு அப்பால்,
திருப்பி இழுத்தால் இந்தப் பக்கம் வெறும் சுவர்.
மூச்சு விட்டால் வானம் தெரியும்.
காசிமேட்டுக் காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து தடவும்,
மவுஸ் ஒட்டும்,
ஒட்டி விடுபடும்போது கால் வட்டம் போயிருக்கும்.
கேரம் கிளப்பில் ஒரு பொட்டலம் போரிக் பவுடர் கேட்டு வாங்கித் தூவினேன்.
ரெக்சின் வெள்ளை, என் மணிக்கட்டு வெள்ளை,
விடியற்காலை துறைமுகத்தில்
அண்ணன் தலையும் வெள்ளை.

புள்ளி ஒன்பது ஆறு.
புள்ளி ஒன்பது மூன்று.
அவன் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்தால் புள்ளி ஒன்பது.
பீரோ பக்கவாட்டில் பென்சிலால் எழுதி எழுதி அடித்தேன்.
மகளிர் குழுத் தவணை என்று நினைத்து
அம்மா துடைக்காமல் விட்டாள்.

எந்த நாள் என்று சொல்லத் தெரியவில்லை,
பள்ளிக்கூடம் திறக்கும் முன்பாகத்தான் இருக்கும்.
முழங்கையைப் பலகை ஓரத்தில் ஆணியடித்த மாதிரி வைத்தேன்.
தோளை மறந்தேன்.
விரல் நுனி மட்டும்,
ஸ்ட்ரைக்கரை மெல்லத் தொட்டு அனுப்புகிற அளவுக்கு.
புள்ளி எட்டு ஆறு. பத்தொன்பது சென்டிமீட்டர்.
படிக்கட்டு முனையில் ஒரு தலை எட்டிப் பார்த்தது,
நான் யோசிக்கவில்லை,
புள்ளி தானாகப் போய் அதன்மேல் உட்கார்ந்தது.
கத்த வேண்டும் போல இருந்தது.
பக்கத்தில் தூங்குகிறான். வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஜனவரியில் அண்ணனுக்குக் கல்யாணம்.
எண்ணூரில் வீடு பார்த்துப் போய்விட்டான்.
பாய் சுருட்டி பீரோ மேல் ஏறியது.

"இப்போ இடம் கீதே, ஐம்பதுக்கு மாத்து" என்றான் லோகு.
மாற்றினேன்.
சுவர், ஓட்டை, இழுத்தேன், இழுத்தேன்.
காது இருந்த இடத்துக்கு வந்ததும்
முழங்கை தானாக நின்றுவிட்டது.
உலகம் பாதியில் நின்றது.
நிஜமாகவே பின்னால் ஒருவன் வந்திருந்தான்.
திரும்பாமல் செத்தேன்.

அன்றைக்கே பழைய கணக்குக்குப் போய்விட்டேன்.
கேட்டைத் தாண்ட விடாமல் வண்டிகளை நிறுத்திவைக்கும் ராத்திரிகளில்
அண்ணன் ஃபோன் பண்ணுவான்.
"தாராளமா ஆடலாமே இப்போ?"
"ஆடுறேன்" என்பேன்.

போன வாரம் அந்த இடத்தில்
அம்மா ரேஷன் அரிசி மூட்டையை நிறுத்தினாள்.
டேப் வைத்துப் பார்த்தேன். இருபத்திரண்டு.
மூன்று சென்டிமீட்டர் மிச்சம்.
அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று
இன்னும் யோசிக்கவில்லை.