தொண்ணூற்றெட்டுக் கிலோ

நூறு கிலோ என்றார் கித்சிறி,
லிந்துலை கராஜ் வாசலில் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.
நான் மனதுக்குள் இரண்டைக் கழித்தேன்.
கொழுந்து மடுவத்தருகே வளர்ந்தவளுக்கு
அது தானாக வரும்:
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று.

ஆக, தொண்ணூற்றெட்டு.
அம்மா ஐந்து நாள் பறித்தால் வருகிற எடை.
அதை அவள் தலையில் கயிறு மாட்டிச் சுமந்தாள்.
இது என்னைச் சுமக்குமாம்.

"ஸ்கூட்டி பாக்கலியா, நங்கி?"
இரண்டாம் தடவை கேட்கிறார்.
என் பிரிவில் பதினொரு லயம்.
ஏழுக்குப் போகிற பாதையில்
ஸ்கூட்டியின் சின்னச் சக்கரம்
கல்லோடு பேசிக்கொண்டே நின்றுவிடும்.
பனிக்குடம் பாதை பார்த்து உடையாது.

"சரி. மன்றாசி வரை ஓட்டிப் பாருங்க.
லேசு."

சோக்கை இழுத்து, மூன்றாம் உதையில்
இருமிக்கொண்டு எழுந்தது,
விடிகாலைக் குளிரில் எழுப்பப்பட்ட யாரையும் போல.
நாலு கியரும் முன்னால் மிதிக்க.
ஏற்றம் தொடங்கியதும் மூன்றில் திணறியது;
இரண்டுக்கு வந்தேன், சமாதானமானது.
இந்த மலைக்கு இரண்டாம் கியர்தான் வீட்டுப் பேச்சு.
மூன்றாவது, விருந்தாளி வந்தால் பேசுவது.

வளைவில் நான் முகத்தைத் திருப்புகிறேன்,
அது ஏற்கெனவே திரும்பிவிட்டிருக்கிறது.

குறையும் சொல்ல வேண்டும்.
நாற்பத்தெட்டில் கைப்பிடி நடுங்குகிறது.
கண்ணாடியில் ஒரு லொறி இரண்டாகி
இரண்டும் ஹோர்ன் அடிக்கிறது.
பின் பிரேக், நனைந்தால்,
யோசித்துச் சொல்கிறேன் என்கிறது.

ஹோல்புரூக் பஸ் கடந்தபோது
அதன் காற்று என்னை ஓரடி
கான் பக்கம் தள்ளி வைத்தது.
லேசு என்றால் பாரமில்லை,
லேசு என்றால் கஷ்டமில்லை.
இரண்டும் ஒன்றல்ல என்று
கானின் விளிம்பில் படித்தேன்.

மன்றாசி வந்தது. திரும்பியிருக்கலாம்.
திரும்பவில்லை.

இரண்டு கட்டை தாண்டி மண் சரிந்து கிடந்தது.
ஒரு வேன், ஒரு ஜீப்,
கொழுந்து ஏற்றிய டிராக்டர்,
பீடி பிடிக்கும் ஐந்தாறு பேர்.
மதகோரம் ஒரு சாண் பாதை மிச்சம்.
இறங்கி, முதல் கியரில், கிளச்சை நழுவவிட்டு
கன்றுக்குட்டி போல நடத்தினேன்.
பின்சக்கரம் புதைந்தது.
பின்கம்பியைப் பிடித்துத் தூக்கினேன்.

தூக்கினால் வந்தது!

ஜீப்காரர் தன் ஜீப்பைப் பார்த்தார்.
அக்கரை சேர்ந்து சேற்றைத் துடைக்கையில்தான் உறைத்தது:
அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை,
திரும்பவும் தூக்க வேண்டும்.

சரி, வந்தது வந்தாச்சு.
கீழ் லயத்தில் தவமலர், முப்பத்தாறு வாரம்.
பை தோளில்தான் இருந்தது.
பிரஷர் கொஞ்சம் கூட; கால் வீக்கம்.
நாளைக்கே கிளினிக் என்று எழுதிக் கொடுத்தேன்.
புருஷன் பைக்கைச் சுற்றி நடந்து
டயரை அமுக்கிப் பார்த்தான்.
"யாரோடது, மிஸ்?"
"இன்னும் யாரோடதும் இல்ல."

இறக்கத்தில் அக்சிலேட்டரை விட்டேன்.
எஞ்சின் குரலைத் தாழ்த்தியது;
அடியில் ஆக்ரா ஓயா இரைவது கேட்டது.
பத்து வருசமாக இதே பாதையில்
முச்சக்கர வண்டியின் பின்சீட்டில் போகிறேன்,
டிரைவரின் பாட்டுதான் கேட்டிருக்கிறேன்.
பெற்றோல் ரிசேர்வுக்கு விழுந்தது.
கை தானே குனிந்து குமிழைத் திருப்பியது,
பழகிய கை போல.

கித்சிறி நடுரோட்டில் நின்றார்,
பொலிசுக்குப் போகிற முகத்தோடு.
இரண்டரை மணி நேரம்.
சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி சேற்றை.
விலையைச் சொன்னார்.

பிரேக்குக்கு ஒரு தொகை,
கண்ணாடிக்கு ஒரு தொகை,
பிறகு ஈரத்துக்கென்று இன்னும் கொஞ்சம்
கழித்துச் சொன்னேன்.

"ஈரத்துக்கா? என்ன ஈரம்?"

மழை மறுபடி தூறத் தொடங்கியது.
சாவி என் உள்ளங்கையில்தான் இருந்தது.