இருநூறில் ஒன்று

என் மேசையில் மனிதர்கள்
எட்டரை மில்லிமீட்டர் உயரம்.
இடுக்கியால் எடுத்து, காலில் பசை தொட்டு
நிறுத்துவேன்.
வெளியே ரீகாவில் பிப்ரவரி.
உறைந்த தௌகாவாவின் மேல்
துளையிட்டு மீனுக்குக் காத்திருப்பவர்களும்
இங்கிருந்து அதே உயரம்தான்.

பழைய அருங்காட்சியகத்தின் இடது தோளில்
நவீன ஓவியங்களுக்கென ஒரு புதுக் கட்டடம்.
வரைந்தவர் ஸ்கைத்ரீதே.
ஏழாம் முறையாக வரைந்தவர் என்பதே சரி.
முதல் வரைவில் கண்ணாடிக் கூரை;
சாயம் வெளுக்கும் என்றார் காப்பாளர்.
மூன்றாவதில் உள்முற்றம், ஒரு லிண்டன் மரம்;
பணம் போதவில்லை.
ஏழாவதில்
நான்கு வெள்ளைச் சுவர், ஒரு கதவு,
ஆற்றுக்கு முதுகு.

அட்டையில் அரை மில்லிமீட்டர் பிசகினால்
நிஜத்தில் பத்து சென்டிமீட்டர்.
தெரிந்தேதான் இருபது வருடமாக வெட்டுகிறேன்.
அன்றிரவு மணி இரண்டே கால்.
கத்தி வழுக்கியது.

வடக்குச் சுவரில் நெடுக ஒரு கீறல்.
தேய்த்து மறைக்கப் பார்த்தேன்,
இன்னும் அகலமானது.
வேறு அட்டை இல்லை. ஒன்பது மணிக்குக் கூட்டம்.
ஒரு பொம்மையை எடுத்து
கீறலுக்கு முன்னால் ஒட்டினேன்.
எட்டரை மில்லிமீட்டர்
எதை மறைத்துவிடும்?

நன்கொடைக்காரர் க்ரௌலிஸ்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார்.
‘இது என்ன?’
ஸ்கைத்ரீதே என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன்.
‘ஜன்னல்.
அங்கே நிற்பவர் காவலர்.
ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நிற்பவர்.
படங்களை ஒரு வாரத்தில் பார்த்து முடித்துவிடுவார்.
பிறகு அவருக்கு ஆறு வேண்டும்.’

யாரும் பேசவில்லை.
காபி ஆறிக்கொண்டிருந்தது.
காப்பாளர் மட்டும் விரல் மடக்கி ஏதோ கூட்டி
‘வடக்கு வெளிச்சம்தானே, பாதகமில்லை’ என்றார்.

நான்கு வருடம் கழித்து
டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன்.
இரண்டாம் தளம், கடைசி அறை.
அங்கே இருந்தது என் கீறல்:
இருபது சென்டிமீட்டர், தரை முதல் கூரை வரை.
அதில் ஒரு துண்டு ஆறு,
அதில் ஒரு துண்டு படகு,
மீதிப் படகு சுவருக்குள் போய்விட்டது.

காவலர் அங்கே நிற்கவில்லை.
எதிர் மூலையில், வெப்பக் குழாயை ஒட்டி,
கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.
சட்டையில் வால்தெமார்ஸ் என்ற பெயர்.

‘ஊசி மாதிரிக் காற்று’ என்றார்.
‘ஓவியத்தைப் பார்க்க வருகிறவன் எல்லாம்
அதில்தான் நெற்றியை ஒட்டிக்கொண்டு நிற்கிறான்.
துடைத்து மாளவில்லை.
எவன் போட்ட ஜன்னலோ.’

கண்ணாடியில் பிசுக்குத் தடங்கள்,
இடுப்பளவில் சில, தோளளவில் பல.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
காலியாக இருந்த ஓர் உயரத்தில்
என் நெற்றியை வைத்தேன்.