ஒன்றரை அடி

பாங்கர் மருத்துவமனைப் படிவத்தில்
கேள்விகள் பதினான்கு.
வீட்டில் படிகள் எத்தனை?
தரைவிரிப்பு உண்டா? ஓரம் சுருளுமா?
பூனை, நாய்?
குளியலறையில் கைப்பிடி?
வெளிக்கதவிலிருந்து வாசல்வரை
இருபத்திரண்டு சிலேட்டுப் பலகைகள்,
ஒவ்வொன்றிலும் வெண்ணெய் தடவியதுபோல் பாசி.
அதைக் கேட்க ஒரு கட்டம் இல்லை.
'மற்றவை' என்ற இடத்தில்
'மழை' என்று எழுதிக் கொடுத்தேன்.

இத்வால் வியாழக்கிழமை வருகிறார்,
புது இடுப்போடும் இரண்டு கோல்களோடும்.
இன்று திங்கள்.

எங்கள் பிளைனாயில் வெயிலடித்த நாட்களை
விரல்விட்டு எண்ணலாம்,
கையுறையைக் கழற்றாமலே.

கொதிநீர் இரண்டு கெட்டில், சலவை சோடா ஒரு கோப்பை,
முழங்காலுக்கடியில் காரின் ரப்பர் மிதியடி.
மதிலுக்கு அந்தப் பக்கம் க்வென்ஃப்ரோன்:
"வினிகர்தான் போடணும்."
தீர்ந்துபோச்சு என்றேன். இருந்தது.
"எமிரிடம் ஜெட் இயந்திரம் இருக்கே, பத்தே நிமிஷம்."
சிலேட்டு ஏடு ஏடாக உரிந்துவிடும் என்றேன்.
"அப்போ பிளீச்?"
கீழே ஓடையில் தவளை முட்டையிட்டிருக்கிறது.
அதற்கு அவளிடம் பதில் இல்லை.
இரண்டு பிஸ்கட்டை மதில்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பலகை.
தூரிகைக்கு அடியில் பச்சை நுரைத்துக் கிளம்பியது.
வெள்ளரிக்காய் வாசனை.
எதிர்பார்க்கவில்லை.
இடுப்பெலும்பை முறித்த ஒன்று
இவ்வளவு இளசாக மணக்கலாமா?

இடுக்குகளுக்கு ரொட்டிக் கத்தி.
நகக்கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஒன்பதாவதில் கை நின்றது.

அன்று காலை பால் எடுக்கப் போனவரின்
குதிகால் இழுத்த கோடு.
ஒன்றரை அடி நீளம்தான் அந்த அடி.
யாரோ கட்டைவிரலால் வழித்ததுபோல
தொடக்கத்தில் அகலம், முடிவில் ஒரு கீற்று.
அந்தப் பாதை முழுவதிலும்
சுத்தமாக இருந்த இடம் அது ஒன்றுதான்.

மூன்று வாரம் ஆகிறது.
குனிந்து பார்த்தேன்:
கோட்டின் இரு கரையிலிருந்தும்
பச்சை உள்ளே நடந்து வந்துகொண்டிருந்தது.
எலும்பு கூடுவதற்குள் இது கூடிவிடும்.
கோபம் வந்தது என்று சொல்லமாட்டேன்.
ஒரு பிஸ்கட் தின்றேன், பச்சை விரல்களோடு.

அதை அப்படியே விட்டுப் பத்தாவதுக்குப் போனேன்.
பதினொன்று. பன்னிரண்டு.
செவ்வாய் இருட்டும்போது எழுந்து திரும்பினால்
சாம்பல்நீலப் பாதையில்
ஒரேயொரு பச்சைச் சதுரம்,
அதற்குள் அவர் விழுந்த சாம்பல்.
இருந்துவிட்டுப் போகட்டுமே என்று
தேநீர் ஆறும்வரை யோசித்தேன்.
எதற்கு?
சட்டம் போட்டு மாட்டவா?

புதன் மாலை தேய்த்தேன்,
ஓரங்களிலிருந்து நடுவுக்கு, மெதுவாக.
கோடு எங்கே முடிந்தது,
பலகை எங்கே தொடங்கியது,
கையை எடுத்தபோது தெரியவில்லை.
அவர் விழுந்த இடம் பெரிதாகிப் பெரிதாகிப்
பாதை முழுக்க ஆகிவிட்டது.

வியாழன்.
ஆம்புலன்ஸ்காரப் பெண் முழங்கையைப் பிடித்திருந்தாள்.
கோல், கோல், கால்.
கோல், கோல், கால்.
"மொட்டையடிச்ச மாதிரி இருக்கே" என்றார்.
முப்பது வருடப் பழக்கத்தில் எனக்குத் தெரியும்,
அது நன்றி.

ஏழாவது பலகையில் நின்றார்.
தலையைத் தூக்காமல்,
"இங்கேதானே?"

ஆமாம் என்றேன்.

உதட்டைக் கடித்துக்கொண்டு
ரப்பர் முனையால் அதை இரண்டு தட்டு தட்டி
ஒரு பெரிய மூச்சு விட்டுக் கடந்தார்.
ஒன்பதாவதை
வானம் பார்த்தபடியே தாண்டினார்.
தூறத் தொடங்கியிருந்தது.

மதிலுக்கு மேலே ஒரு தலை:
"வினிகர்தானே?"

அதற்கும் ஆமாம் என்றேன்.