உள்பக்கம்

மூன்று வாரமாய்க் கத்திக்கொண்டிருந்தது.
வால்பரைசோவின் மரிபோசா குன்றில்
எல்லாமே கத்தும்: கடற்காகம், நாய், தகரக் கூரை,
இறக்கத்தில் ஒன்றையொன்று முந்தும் பேருந்துகள்.
அதனால் எனக்குக் கேட்கவில்லை
என்று சொல்லிக்கொண்டேன்.

எதிர் மாடி பெலார்மினோதான் ஜன்னலைத் திறந்தார்.
"எடுவிஹிஸ், உன் கார் திரும்பும்போதெல்லாம்
கெட்டில் கொதித்துவிட்டதென்று
என் மனைவி அடுப்படிக்கு ஓடுகிறாள்."

பேடில் ஒரு சின்னத் தகர நாக்கு உண்டு.
பூச்சு தேயத் தேய டிஸ்க்கை நெருங்கி,
தொட்டதும் கூவும்.
கூவுவது பழுதல்ல.
பழுதைச் சொல்லவே வைத்த நாக்கு.

ஞாயிறு காலை.
எங்கள் தெருவில் சமதரை என்பது
பேக்கரி வாசலில் ஒன்றரைக் கார் நீளம்.
அங்கே நிறுத்திக் கியரில் போட்டேன்.
பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க
ஒரு கல்,
அன்செல்மோ விட்டுப்போன ஒற்றை டம்பெல்.

ஜாக்கி தூக்குமுன் போல்ட்டைத் தளர்த்த வேண்டும்.
அந்தரத்தில் சுழலும் சக்கரத்தோடு மல்லுக்கட்டி
இதைப் போன வருடம் கற்றேன்,
பஞ்சரில், மழையில், நர்ஸ் உடுப்பில்.
ஸ்டாண்டும் வைத்தேன்.
கழற்றிய சக்கரத்தையும் அடியில் படுக்கவைத்தேன்.
இரும்பை நம்பலாம். குன்றை நம்பக் கூடாது.

காலிப்பரைப் பிரேக் குழாயில் தொங்கவிடாமல்
துணி காயப்போடும் கம்பியால்
ஸ்பிரிங்கோடு கட்டினேன்.
பேடுகள் கைக்கு வந்தன.

வெளிப்பக்கத்தது இன்னும் இரண்டு குளிர்காலம் ஓடும்.
உள்பக்கத்தது
தாள் கனம். ஒரு மூலையில் அதுவும் இல்லை.

ஒரே சக்கரம், ஒரே மிதி, ஒரே இறக்கம்.
கடல் உப்பில் பின் இறுகிப்போய்
காலிப்பர் நகரவே இல்லை.
ஒன்று சும்மா தொட்டுக்கொண்டு நிற்க
மற்றது மட்டும் அழுத்தியிருக்கிறது,
ஒவ்வொரு வளைவிலும், எத்தனை மாதமோ.

சக்கரத்தின் இடைவெளி வழியே பார்த்தால்
வெளிப்பக்கத்ததுதான் தெரியும்.
மார்ச் சோதனையில் ஒருவன் டார்ச் அடித்துப் பார்த்து
"நன்றாய் இருக்கிறது, செனோரா" என்றான்.
என் அம்மாவும் அதையே சொன்னாள்,
வேறொன்றைப் பற்றி.

பின்னை உருவி, உப்புத்தாளால் தேய்த்து,
கிரீஸ் தடவி, விரலால் தள்ளிப் பார்த்தேன்.
போயிற்று. வந்தது.
இவ்வளவுதான் வேண்டியிருந்தது அதற்கு.

பிறகு பிஸ்டன். பழைய பேடை முன்வைத்துக்
கிளாம்ப்பை முறுக்கி மெல்ல உள்ளே தள்ளினேன்.
பேக்கரிப் பையன் யெர்கோ பானட்டுக்குள் குனிந்து
எண்ணெய் மட்டம் பார்த்துச் சொன்னான்:
"ஏறுது... ஏறுது... போதும்!"
ரொட்டித் துகளை உள்ளே சிந்தாதே என்றேன்.
சிந்தவில்லை என்றான், வாயில் ரொட்டியோடு.

வலது சக்கரத்தில் இரண்டும்
சமமாய்த் தேய்ந்திருந்தன.
சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்தேன்.
பொறாமையாய் இருந்தது.

எல்லாம் முடிந்து முதல் மிதி
தரைவரை போகும், எதுவுமே இல்லாமல்.
தெரிந்தவர்களுக்கும் வயிறு கலங்கும்.
மறுபடி மிதிக்க வேண்டும். மறுபடி.
நாலாவதில் காலுக்கடியில்
ஏதோ ஒன்று எதிர்த்து நின்றது.
கல்லை எடுத்தேன்.
டம்பெல்லை யெர்கோ கேட்டான். கொடுத்துவிட்டேன்.

புதுப் பேடை முதல்நாளே வதைக்கக் கூடாது.
கடற்கரைச் சாலையில் மெல்ல மெல்லப் பழக்கலாமென்று
இரண்டாம் கியரில் இறங்கினேன்.
பெலார்மினோ வீட்டு ஜன்னல் அசையவில்லை.

கொண்டை ஊசி வளைவின் நடுவில்
வழக்கமாய் எழுந்து ஓடும் பழுப்பு நாய்
இன்று எழவில்லை.
அதற்கு நான் வந்ததே தெரியாது.

அழுத்தினேன்.
கார் நின்றது,
நாய்க்கு ஒரு முழம் முன்னால்,
ஒரு சத்தமும் இல்லாமல்.
ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு
மறுபடி மூடிக்கொண்டது.

ஹாரன் அடித்தேன்.