கழிவு எடை

கப்பலூர் கிடங்கில்
குக்கர் வளையங்கள் என் பொறுப்பு.
நூற்றுக்கு நாலு பழுது வரும் என்று
நூற்றுநாலாகவே ஆர்டர் போடுவேன்.
கூட வாங்கிய அந்த நாலிலும்
பழுது இருந்தால்
எழுதக் கணினியில் கட்டம் இல்லை.

உசிலம்பட்டிக் கடைக்குப் போய்
விசில் வராமல் திரும்பிய ஒன்று,
போன டீசல், வந்த டீசல்,
இரண்டின் புகைக்கும் வரி சுமந்து
என் மேஜையில் கிடக்கிறது
மயிரிழை வெடிப்போடு.

ஐப்பசியில் கூரை ஒழுகி
பழுது மூட்டைகள் ஊறிப்போயின.
கழிவுக்கு வரி கிலோக் கணக்கில்.
எடைமேடையில் ஏற்றிவிட்டு
சோணைமுத்து முள்ளைப் பார்த்தார்:
"இருபது கிலோ மழை இருக்கு இதுல.
அதுக்கும் நாமதான் கட்டணுமா?"

வந்த லாரியைத் திருப்பி அனுப்பினோம்.
மறுநாள் சிமென்ட் தரையில்
ஒவ்வொன்றாக உதறி விரித்தோம்,
மூவாயிரத்துச் சொச்சம்.
மாடியிலிருந்து பார்த்தால்
முன்னால் எண் போட
யாரோ மறந்துவிட்ட சுழியங்கள்.

மூன்று மணிக்குத்
திருமங்கலம் பக்கம் இருட்டியது.
ஃபோனில் முதலாளி:
"எடை போட்டாச்சா?"

அண்ணாந்து பார்த்தபடி
"இன்னும் கொஞ்சம் குறையும்" என்றேன்.