இரட்டை விசில்

வீரவநல்லூர் தாண்டியதும்
அடுத்த ஊர்ப்பெயர் வரவில்லை ஆவுடைநாயகத்துக்கு.
இருபத்தாறு வருடம் கூவிய பெயர்.
கள்ளி என்று தொடங்கி
காற்றைக் கடித்தார்.
படிக்கட்டுப் பையன்கள் சிரித்தார்கள்.
இறங்க வேண்டியவர்கள் தாமாக இறங்கிக்கொண்டார்கள்.

பிறகு ஹைகிரவுண்டில் ஸ்கேன்.
இடப்பக்கப் பொட்டுக்குள் நெல்லிக்காய் அளவு வெள்ளை.
திறந்தார்கள். எடுத்த மட்டும் எடுத்தார்கள்.
மெழுகில் புதைந்து அந்தத் துண்டு
என் மேசைக்கு வந்தபோது அதற்குப் பெயர் இல்லை,
நாற்பத்திமூன்று என்று எண் இருந்தது.

மெழுகைக் கரைத்து ஆர்.என்.ஏ. பிரிப்பது என் வேலை.
அதிலும்
புரதம் எதையும் எழுதத் தெரியாத வகையறா.
நான் படித்தபோது குப்பை என்று
ஒரு வரியில் முடித்துவிட்டு
பரீட்சைக்கு வராது என்றார் பேராசிரியர்.
வரவும் இல்லை.

விதிப்படி நான் நோயாளியைப் பார்க்கக் கூடாது.
உலகம்மாளுக்கு விதி தெரியாது.
கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.
“எம்மா, அந்தக் கட்டியில என்ன எழுதியிருக்குன்னு
நீங்கதான் வாசிக்கியளாமே?”

எழுதாததை வாசிக்கிறேன் என்று
எப்படிச் சொல்ல?
பெஞ்சில் அவர், தையல் தெரிய மொட்டைத் தலை,
சட்டைப் பையில் இன்னும் அந்த விசில்.
அதைப் பார்த்துத்தான் வாய் வந்தது எனக்கு.

இது வண்டி ஓட்டாது அண்ணாச்சி.
கியர் போடாது, டீசல் ஊற்றாது.
பின்னால் நின்று விசில் கொடுக்கும், அவ்வளவுதான்.

நிமிர்ந்தார்.
“ஒத்தைன்னா… நில்லு”
நாக்கு குழறியது. விரல் குழறவில்லை.
இரண்டைக் காட்டினார்: போ.

ஆமாம். உங்களுக்குள் இருபத்தொன்று என்று ஒன்று
ஓயாமல் இரட்டை விசில் அடிக்கிறது.
நிறுத்த வேண்டிய முப்பத்திநாலு
டூட்டிக்கே வரவில்லை.

வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்,
“இருபத்தொண்ணு… அது எந்த… ரூட்டு?”
உலகம்மாள் சிரித்துவிட்டாள்.
உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

ராத்திரி வெறும் வயிற்றில் அவர் விழுங்கும் மாத்திரை
கட்டியின் இழைகளைக் கிழிக்கிறது.
இருபத்தொன்று மிகுந்த செல்கள்
கிழிசலோடு எழுந்து நடந்துவிடுகின்றன.
அதன் வாயில் சரியாகப் பொருந்தும் எதிர் இழை
ஒன்று செய்திருக்கிறார்கள்.
ஆனால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் சுவர்
எவருக்கும் லேசில் கதவு திறப்பதில்லை.
மருந்து வருது என்றேன்.
இதுவரை எலிக்குத்தான் வந்திருக்கிறது என்பதை
விழுங்கிக்கொண்டேன், நானும் வெறும் வயிற்றில்.

நாற்பத்திமூன்று இப்போதும் மைனஸ் எண்பதில் இருக்கிறது.
கரண்ட் போனால் ஜெனரேட்டர் எடுக்கும்வரை
நின்று எண்ணுவேன்.
பன்னிரண்டு விநாடி.
ஒருமுறை பத்தொன்பது.

ஆனிச் சாரலில் போன வாரம் பாபநாசம் வண்டி.
கண்டக்டர் புதுசு, போனைப் பார்த்தபடி இருந்தான்.
வீரவநல்லூர் தாண்டியது.
நான் சொன்னேன் ஊர்ப்பெயரை,
முழுசாக, கொஞ்சம் உரக்கவே.
இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.
இறங்க ஆளில்லை.
வண்டி நிற்காமல் போயிற்று.