இரண்டாம் பெட்டி

பழக்கூடத்தில் எனக்கு ஒரே வேலை.
பட்டையில் உருண்டு வரும் ஆப்பிளில்
கறுப்புப் புள்ளி தேடுவது.
அளவுகோல் என் சுண்டுவிரல் நகம்.
அதற்கு மேல் போனால் இரண்டாம் பெட்டி,
பிழிவதற்கு,
கிலோவுக்குக் கால் விலை.

பதினோரு இலையுதிர்காலம்
குன்வோரின் கிராவென்ஸ்டீன் பழங்களை
அங்கேதான் தள்ளியிருக்கிறேன்.
ஒருமுறையும் ஏன் என்று கேட்டதில்லை அவள்.
ரசீதை மடித்துக் கையுறைக்குள் செருகிக்கொண்டு
டிராக்டர் ஏறிவிடுவாள்.

மார்ச்சில் பனிக்கட்டி சறுக்கி
அவளுக்குத் தோள் எலும்பு முறிந்தது.
கூட்டுறவுக் கதவில் ஒரு சீட்டு:
தெளிக்க ஆள் தேவை, நான்கு காலை, கூலி உண்டு.
ஒரு வாரம் காற்றில் படபடத்தது.
நான் கிழித்துப் பையில் போட்டேன்.
எதற்கு என்றாள் மனைவி.
கூலிக்கு என்றேன்.

ஹார்டாங்கர்ச் சரிவு.
கீழே ஃபியோர்டு, தேய்க்காத ஈயத் தட்டு.
மேலே உச்சியில் பழைய பனி.
நடுவே அறுபத்து மூன்று மரங்கள்,
மொட்டு எலிக்காதாய் விரிந்த வாரம்.

கொட்டகையில்
வெந்நீர் அண்டாவுக்குள் நின்றது ஒரு தகரடின்:
வேப்பெண்ணெய், குளிரில் மெழுகாய் இறுகி.
புழுவை விரட்டும் எண்ணெய்க்குப்
புழுவைப் போலவே சுருண்டு சுருண்ட எழுத்து.
"என்ன எழுதியிருக்கிறது?"
"தெரியாது. அதைப் பார்த்தபடிதான்
தினமும் காப்பி குடிக்கிறேன்.
அங்கே அந்த மரத்தடியில் படுத்துத் தூங்குவார்களாம்."

சவர்க்காரம், மீன்கரைசல், பாலாடைத் தெளிநீர்,
ஒரு கரண்டி வெல்லப்பாகு.
கலக்கக் கலக்க
என் கம்பளிச் சட்டைக்கு ஒரு நாற்றம் வந்தது,
வீட்டு நாய் மூன்று நாள் அண்டவில்லை.

கட்டுப்போட்ட கையோடு பின்னாலேயே வந்தாள்.
இலைக்கு அடியில், அடியில், என்றாள்.
"இதில் என்ன சாகும்?"
"ஒன்றும் சாகாது.
பேருந்தில் இடம் பிடிப்பது மாதிரி இது.
நல்ல பூஞ்சை முதலில் உட்கார்ந்துவிட்டால்
மற்றது ஏறிப் பார்த்து இறங்கிப் போகும்.
சில சமயம்
இறங்காமல் நின்றுகொண்டே வரும்."

மரத்தடியில் சிம்புக் குவியல்.
மணிக்கட்டுக்கு மேல் தடித்த கிளை அதில் இல்லை.
கையை விட்டுப் பார்த்தேன், கதகதப்பு.
வெள்ளை நூல்கள்
யாரோ பாதியில் விட்ட தையல் போல
வேரிலிருந்து வேருக்கு.
எடுத்த பிடியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.
ஏனோ மேலே கொஞ்சம் தட்டியும் கொடுத்தேன்.

வேலிக்கு அப்பால் டோர்கைரின் இயந்திரம்
வெண்புகை கக்கி வரிசை வரிசையாய்ப் போனது.
நிறுத்தி, முகமூடி கழற்றி,
தோள் எப்படி என்று கேட்டான்.
நல்ல மனிதன்.

மே இருபத்திரண்டு இரவு உறைபனி.
மேல் வரிசைப் பூ முழுதும் கருகிற்று.
அவனுடையதும்தான்.
இதற்குக் கரைசல் கிடையாது என்றாள்.
கருகிய பூவொன்றைக் கிள்ளி
வாயில் போட்டு மென்றாள்,
துப்பவில்லை.

நான்காம் காலை இதழ் உதிர்ந்து முடிந்திருந்தது.
கூலியை எண்ணிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.

செப்டம்பர். பட்டை ஓடுகிறது.
அவள் பழங்கள் வருகின்றன, சிறுத்து, மணத்து,
புள்ளியோடுதான்.
ஒவ்வொன்றையும் திருப்பினேன்.
இது இரண்டாம் பெட்டி.
இதுவும்.
இது,
பொறு,
இது முதல் பெட்டி.

நாற்பதில் ஒன்பது.

ரசீதை விரித்துப் படித்தாள்.
மறுபடி படித்தாள்.
பிறகு என் வலக்கையைப் பிடித்து
வெளிச்சத்தில் திருப்பி
சுண்டுவிரலைப் பார்த்தாள்.
ஆகஸ்ட் முழுக்க அதை நான் வெட்டவேயில்லை.

"நகத்தை வெட்டு" என்றாள்.
டிராக்டர் ஏறிப் போனாள்.